அட்டெண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.
நகல்: மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவ வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். காய்ச்சலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ எலும்பு முறிவுக்கோ வந்து படுக்கும் முதியவர்களுடைய மனநிலை நம் வார்டுகளில் எப்படிக் கண்டறியப்படுகிறது, பெரும்பாலும் எப்படிக் கண்டறியப்படாமலே போகிறது என்பதைப் பற்றி மட்டும் இந்த மடலில் எழுதுகிறேன். ஆள் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு பற்றியெல்லாம் எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் கேட்கப்போவது ஏறத்தாழ செலவே இல்லாத ஒன்று.

அறுபது வயதைக் கடந்த யார் வார்டில் சேர்க்கப்பட்டாலும், உடன் வந்தவரிடம், அதாவது அட்டெண்டரிடம், "இவங்க எப்பவும் இப்படித்தானா, இல்ல இந்த நாலஞ்சு நாளாத்தானா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைச் சொன்னவரின் உறவுமுறையோடும் நேரத்தோடும் கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். இதைத்தான் முதன்மையாகக் கேட்கிறேன். மற்றவை எல்லாம் இதைச் சார்ந்தவை.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், வயதானவரின் மனத்தைக் கலக்கும் மூன்று நிலைகள் ஒரு நாள் காலையில் கட்டிலருகே நின்று பார்க்கிறவருக்கு ஒன்று போலவே தெரியும். டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றி, ஒரே நாளுக்குள் கூடுவதும் குறைவதுமாக இருக்கும்; அதற்குப் பின்னால் எப்போதும் ஓர் உடற்கோளாறோ ஒரு மருந்தோ இருக்கும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. மனச்சோர்வு வாரக்கணக்கில் கவிந்து, பேச்சையும் பசியையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டே போவது. படுக்கையில் கிடப்பவரின் முகத்தைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். மாற்றம் எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதைச் சொல்லக்கூடியவர் கூட வந்த மகளோ மருமகளோ பேரனோதான்.

அந்த ஒருவரைத்தான் நாம் காலை ஒன்பது மணிக்கு வார்டை விட்டு வெளியே அனுப்புகிறோம். யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது அட்டெண்டர்கள் யாரும் உள்ளே நிற்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து, இரவு முழுதும் கிழவர் எழுந்து டிரிப்ஸைப் பிடுங்குவதையும், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்லிக் கூச்சலிடுவதையும் பார்த்தவர் வராண்டாவில் நிற்பார். உள்ளே, விடிந்ததும் ஓரளவு தெளிந்துவிட்ட அதே கிழவர், "சாப்டீங்களா ஐயா?" என்ற கேள்விக்கு "ஆச்சுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். டெலிரியம் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் முற்றும். நம் பெரிய டாக்டர்கள் வருவதோ காலையில். இரவுப் பணிச் செவிலியர் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது "பேஷண்ட் ராத்திரியெல்லாம் ஒரே கலாட்டா" என்று சொல்வதுண்டு. அது வாய்மொழியாகச் சொல்லப்பட்டு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வாந்தியும் தளர்ச்சியுமாகச் சேர்க்கப்பட்டிருந்தார். இரண்டாம் நாள் போர்வையின் ஓரத்தை விரல்களால் நெருடிக்கொண்டே இருந்தார். மாட்டை மாற்றிக் கட்டவேண்டும், கயிறு சுற்றிக்கொண்டது என்று முனகுவார். ஊசி போடப் போனால் கையைத் தட்டிவிடுவார். "சைக்கியாட்ரி ஒப்பீனியன் வாங்கவும்" என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. மனநல மருத்துவர் அடுத்த நாள்தான் வருவார். இதற்கிடையில் வராண்டாவில் நின்ற மருமகள் ஒரு பயிற்சி மருத்துவரை வழிமறித்து, "முந்தாநாள் மத்தியானம் வரைக்கும் எங்க அத்தைதான் பால் கணக்கு பார்த்தாங்க, இப்படியெல்லாம் கிடையாது" என்று சொன்னாள். அந்தப் பிள்ளைக்குப் பொறி தட்டியது. இரத்தத்தில் சோடியம் பார்த்தபோது 113 இருந்தது. இருக்க வேண்டியது 135க்கு மேல். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டுவந்த நீர் பிரியும் மாத்திரையும், சாப்பாடே இறங்காத சில நாட்களும் சேர்ந்து செய்த வேலை அது. "உடம்புல உப்பு கொறைஞ்சிருச்சு" என்று ஊரிலேயே சொல்கிறார்களே, அதுதான். மெதுவாக ஏற்றிச் சரிசெய்ததும் சில நாட்களில் அவர் பழையபடி ஆகி, பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் ஊர் பால் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். மருமகள் வாயாடியாக இருந்தது அவருடைய நல்லகாலம். எல்லா மருமகள்களும் வெள்ளைக் கோட்டை வழிமறிக்கத் துணிவதில்லை.

ஆர்ப்பாட்டம் செய்கிற நோயாளியாவது யார் கண்ணிலாவது படுவார். டெலிரியத்தில் இன்னொரு வகை உண்டு. அதில் நோயாளி அடங்கிப்போவார். எழுப்பினால் கண் திறப்பார், ஒரு கவளம் வாங்கிக்கொண்டு அதை விழுங்க மறந்து கிடப்பார், கேட்ட கேள்விக்கு மிகத் தாமதமாக ஒரு சொல் வரும். இவர்களைப் பற்றி நர்ஸ் நோட்டில் "நன்றாகத் தூங்குகிறார்" என்று எழுதப்படுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டில் தொந்தரவு தராத பேஷண்ட்தான் நல்ல பேஷண்ட். அப்படியே யாராவது கவனித்தாலும் மனச்சோர்வு என்று எண்ணி ஒரு மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். அடியில் நிமோனியா முற்றிக்கொண்டிருக்கும்.

பொது மருத்துவப் பிரிவுகளில் சேர்க்கப்படும், பெரும்பாலும் முதியவர்களான நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு டெலிரியம் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. நம் வார்டுகளில் அது எத்தனை கேஸ் ஷீட்டில் நோயாகப் பதிவாகிறது என்று தங்கள் துறையே ஒரு மாதப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். பதிவாகாத நோய்க்குக் காரணம் தேடப்படாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. காரணங்களோ மிகச் சாதாரணமானவை: சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, நாலைந்து நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, அடக்கிவைத்த வலி. சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை நோய் மாத்திரை தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்துவது ஒன்று. சளிக்கு என்று கை நிறைய அள்ளிக் கொடுக்கிறோமே சி.பி.எம். மாத்திரை, அதுவே வயதான மூளையைக் குழப்பக்கூடியது. தூக்கத்துக்குத் தரும் டயஸிபாமும் அப்படித்தான். காலொடிந்து சேர்ந்த பெரியவர் மூன்றாம் நாள் கை நடுங்கிப் பூச்சி பறப்பதாகச் சொன்னால், அது குடி திடீரென நின்றதன் விளைவு; அவருடைய அன்றாடக் குடியைப் பற்றிச் சேர்க்கும்போதே யாரும் கேட்கவில்லை என்று பொருள். மகன் முன்னால் அவராகச் சொல்லவும் மாட்டார்.

காரணம் தேடாத இடத்தில் நடப்பது இதுதான்: மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஊசி ஒன்று, கட்டிலின் கம்பியோடு மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டும் காஸ் துணி ஒன்று. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அபாயத்தில் குறைந்த அளவு மருந்து தேவைப்படும் தருணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்துவிட்டது. லூயி பாடி என்னும் வகை மறதி நோய் இருந்தால் ஒரே ஊசியில் உடல் மரக்கட்டையாக இறுகிப்போகவும் கூடும். கட்டிப்போடுவதைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 97-ஆம் பிரிவில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் நீட்டாமல் செய்யலாம் என்கிறது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. பொது வார்டில் அந்தச் சட்டத்தை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஒரு கிழவியைக் கட்ட யாருடைய கையெழுத்தும் தேவைப்படுவதில்லை, அவிழ்த்த நேரமும் எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆகவே "சைக்கியாட்ரி ஒப்பீனியன்" என்று எழுதுவதற்கு முன் அந்தச் சீட்டிலேயே சில விவரங்கள் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: மாற்றம் எப்போது தொடங்கியது, யார் சொன்னது, சர்க்கரை எவ்வளவு, சோடியம் எவ்வளவு, சிறுநீர் கடைசியாக எப்போது பிரிந்தது, மலம் எப்போது கழிந்தது, கடந்த ஒரு வாரத்தில் புதிதாகத் தொடங்கிய, அல்லது திடீரென நிறுத்திய மருந்து எது, அண்மையில் கீழே விழுந்தாரா. கடைசிக் கேள்வியை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரங்கள் கழித்து மூளை உறைக்கடியில் தேங்கிய இரத்தம், பார்ப்பவர்களுக்கு மறதி நோயாகத் தெரிந்ததுண்டு. மாவட்டத்தின் பல மருத்துவமனைகளுக்கும் மாறி மாறிப் போய்வரும் மனநல மருத்துவருக்கு இந்தச் சீட்டு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

சோதனை முறைகளுக்கும் பஞ்சமில்லை. எடின்பரோவில் உருவான "4ஏடி" என்னும் எளிய சோதனை, செவிலியரோ பயிற்சி மருத்துவரோ இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியது. விழிப்பு நிலை, வயது, பிறந்த தேதி, இடம், ஆண்டு பற்றிய நான்கு கேள்விகள், கவனம் (மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது), திடீர் மாற்றம் உண்டா என்பது ஆகியவற்றைப் பார்த்து 4 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று கொள்வார்கள். அதன் கடைசிக் கேள்விக்கே 4 மதிப்பெண் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். திடீர் மாற்றத்தை உறுதி செய்யக் கூட இருப்பவரைக் கேட்காமல் முடியாது.

ஆனால் இவற்றை அப்படியே பெயர்த்தெடுத்து அச்சடித்து அனுப்பிவிட்டால் போதாது. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், டிசம்பர், நவம்பர் என்று பள்ளிக்கூடமே போகாத பாட்டி சொல்வாரா? தையிலிருந்து மார்கழி வரை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அல்லது கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்கலாம். "இன்னைக்கு என்ன தேதி?" என்ற கேள்விக்குத் தெரியாது என்று சொல்கிறவர், அமாவாசை கழிந்து எத்தனையாம் நாள் என்பதைச் சரியாகச் சொல்வார். எழுதவும் படிக்கவும் ஐங்கோணம் வரையவும் சொல்லும் பழைய மினி மென்டல் சோதனையில் அவரைத் தோற்கடித்து "டிமென்ஷியா" என்று முத்திரை குத்துவது நோயை அளப்பது ஆகாது, படிப்பை அளப்பது. இந்தச் சிக்கலை நம் நாட்டவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். எழுத்தறியாதோருக்காக இந்தியில் ஒரு சோதனை 1995-இலேயே வெளியானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறதி நோய்க்கென்றே ஒரு கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. பன்னாட்டு "10/66" ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் முதியவர்களிடமும் அவர்களோடு வாழ்பவர்களிடமும் கேள்விகள் கேட்டு, கல்வியறிவு முடிவைக் கெடுக்காத வழிகளைத் தேடியது. இவையெல்லாம் ஆய்விதழ்களில் கிடக்கின்றன, வார்டு மேசைக்கு வரவில்லை. சோதனைக்கு முன் இன்னொன்றும் வேண்டும்: கண்ணாடியும் காது மிஷினும் நோயாளியிடம் இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஆஸ்பத்திரியில் தொலைந்துபோகும் என்று பயந்து குடும்பத்தார் முதல் நாளே அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். பிறகு காது கேளாதவரைப் புத்தி பேதலித்தவர் என்று நாம் எழுதுகிறோம்.

மனச்சோர்வைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே தவறு வேறு விதமானது. டெலிரியத்தைப் பைத்தியம் என்று நினைக்கும் நாம், மனச்சோர்வை வயது என்று நினைக்கிறோம். நம் முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். எல்லா டெஸ்டும் நார்மல் என்று சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுவார்கள். பசியின்மையும் அசதியும் உடல்நோயாலும் வருமாதலால், மருத்துவமனையில் இருக்கும் முதியவருக்கு அவற்றை வைத்து மனச்சோர்வைக் கணிப்பது கடினம் என்பதை அறிந்தே, 1980-களில் உருவான முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் உடல் தொந்தரவுகளைப் பற்றிய கேள்விகளைத் தவிர்த்தார்கள். அதன் பதினைந்து கேள்விகளும் ஆமாம்-இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக்காட்டியும் கேட்கலாம். ஆனால் மருமகளை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. டெலிரியத்துக்குக் கூட இருப்பவர் இல்லாமல் முடியாது, மனச்சோர்வுக்கோ அவர் சற்று விலகி இருந்தாக வேண்டும். வீட்டில் தனக்கு ஒரு தட்டுச் சோறு எப்படி வைக்கப்படுகிறது என்பதை ஒரு கிழவர் அந்தத் தட்டை வைப்பவர் எதிரிலேயே சொல்லமாட்டார்.

நஞ்சருந்திய நிலையில் கொண்டுவரப்படும் முதியவர்களின் கேஸ் ஷீட்டில் "தவறுதலாகக் குடித்துவிட்டார்" என்று எழுதப்படுவதைப் பற்றியும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். போலீஸ், வழக்கு என்ற பயத்தில் குடும்பம் அப்படிச் சொல்கிறது, நாமும் எழுதிக்கொள்கிறோம், உடல் தேறியதும் அனுப்பிவிடுகிறோம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்றும், அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பயம் இன்று தேவையில்லை என்பதை அட்டெண்டருக்குச் சொல்ல வார்டில் யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை. மனநல மருத்துவர் பார்க்காமல் இவர்களில் ஒருவரும் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணையாவது டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக இருக்கத் தகுதியுள்ள மாநிலம் நம்முடையது. முதியோர் மருத்துவத்துக்கென்று ஒரு பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே தொடங்கப்பட்டது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி இம்மாநிலத்தில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். அவர்களில் பெரும்பாலோர் படுப்பது தாலுகா மருத்துவமனையின் கட்டிலில். கிண்டியில் இருக்கும் அறிவு அங்கே போய்ச்சேர, பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அரை நாள் பயிற்சியும், நான் மேலே சொன்ன சீட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

தடுப்பதற்கும் வழி தெரிந்தே இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், எழுபது வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கவனிப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்த டெலிரியம், தனிக் கவனிப்பில் பத்துக்கும் குறைவானவர்களுக்கே வந்தது. அந்தத் தனிக் கவனிப்பு என்னவென்றால், நேரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது, கண்ணாடியை மாட்டிவிடுவது, எழுப்பி நடக்கவைப்பது, இன்று என்ன கிழமை என்று பேச்சுக்கொடுப்பது, இரவில் விளக்கையும் சத்தத்தையும் குறைத்துத் தூங்கவிடுவது. அங்கே இதற்குத் தன்னார்வலர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். நம்மிடம் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒருவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை, ஃபேன் பக்கத்தில் உட்காராதே என்பதைத் தவிர.

டிஸ்சார்ஜ் சம்மரி பற்றி ஒரு வார்த்தை. வார்டில் இருந்தபோது குழம்பியிருந்த காரணத்தால் மட்டும் ஒருவரை "டிமென்ஷியா" என்றோ "மனநோய்" என்றோ எழுதி அனுப்பக் கூடாது. டெலிரியம் வந்தது, காரணம் இது, இன்ன தேதியில் தெளிந்தார் அல்லது இன்னும் முழுதாகத் தெளியவில்லை, மூன்று மாதம் கழித்து நினைவாற்றலைச் சோதிக்கவும் என்று எழுதினால் போதும். டெலிரியம் வந்தவர்களில் பலருக்கு அடியில் மறதி நோய் உண்மையிலேயே இருக்கும், ஆகவே அந்தச் சோதனை வெறும் சம்பிரதாயம் அல்ல. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் பணியாளரே "பழையபடி ஆயிட்டாங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். எழுதும் கை கொஞ்சம் யோசிக்கவேண்டியதற்கு மருத்துவத்துக்கு வெளியேயும் காரணம் உண்டு: நிலமும் வீடும் பெயரில் உள்ள கிழவிக்குப் புத்தி சரியில்லை என்று அரசு மருத்துவமனை கொடுத்த ஒரு தாள், சில குடும்பங்களில் மருந்துச் சீட்டைவிடப் பத்திரமாக வைக்கப்படுகிறது.

இதை ஒரே நாளில் மாநிலம் முழுதும் கொண்டுவர முடியாது என்றால், ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இரண்டு தாலுகா மருத்துவமனைகளிலும் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை பேருக்கு டெலிரியம் பதிவானது, எத்தனை பேர் கட்டப்பட்டார்கள், எவ்வளவு நேரம் என்ற நான்கு கணக்கை மட்டும் மாதந்தோறும் வாங்குங்கள். அந்த வார்டுகளில் மட்டுமாவது, அறுபது வயதைக் கடந்த நோயாளிக்கு ஒரு அட்டெண்டர் ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலருகே நிற்கலாம் என்று எழுத்துமூலம் அனுமதி தாருங்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்று வார்டு வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் போகவேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாமல் நம் மருத்துவமனைகளில் எந்த உத்தரவும் உள்ளே நுழைவதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்